உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கொடுத்த டூல்ஸ் பெட்டி

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு போர்வெல் மோட்டார், பம்ப்செட் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருஷத் தொழில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது என்னிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு சாக்குப் பையும்தான். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக மோட்டாரை ஓட்டித் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தோம். அந்த அலைச்சலுக்குப் பிறகு, கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் எடுத்தேன். வண்டி வந்த அடுத்த வாரமே சாமான்களுக்கு ஒரு பெட்டி வேண்டியிருந்தது.

இப்போது வண்டியில் இருப்பது இரண்டாவது பெட்டி. நீடாமங்கலத்தில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. போன வருஷம் ஆவணிக் கடைசியில் வைத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்கத் தாண்டி, அடுத்த ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. இவ்வளவு நாள் ஆனதால்தான் எழுதுகிறேன். புதுசாக இருக்கும்போது எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

முதல் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அது வெளியூரில் ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கியது. கறுப்புப் பெயிண்ட், பளபளவென்று கைப்பிடி, மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங். தகடு 18 கேஜ், அதாவது ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கடைக்காரப் பையன் லோடு பாடியின் தரைத்தகட்டில் ஆறு ஸ்குரூவை நேராக முடுக்கிக் கொடுத்துவிட்டான். அடியில் ரப்பரும் இல்லை, வாஷரும் இல்லை. முதல் மழையிலேயே கீல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. ரப்பர் பீடிங் மூன்று பக்கம்தான் இருந்தது, கீல் பக்கம் இல்லை. இறங்கிய தண்ணீர் வெளியே போக ஓட்டை கிடையாது. நான் அப்போது ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் ஒரு துக்கத்தில் இருந்தேன். திரும்பி வந்து திறந்தால் நாலு விரல்கடைத் தண்ணீரில் சாமான்கள் மிதக்கின்றன. மோட்டார் வைண்டிங்கில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெக்கர் போயிற்று. ஸ்டார்ட்டருக்குள் போடும் கன்டாக்டர் இரண்டு, ரிலே ஒன்று, பிரிக்காமல் வைத்திருந்த 6205 பேரிங் நாலு, எல்லாம் போயிற்று. ரிங் ஸ்பேனர்களில் துரு ஏறி நம்பரே தெரியவில்லை. கணக்குப் பார்த்தேன், பதினோராயிரம் ரூபாய்க்குக் கிட்டே. அதைவிட வயிறு எரிந்தது, அடுத்த வருஷம் பெட்டியைக் கழற்றியபோது. ஸ்குரூ போட்ட இடத்திலெல்லாம் பாடித் தகடு உள்ளங்கை அகலத்துக்கு அரித்து, விரலால் குத்தினால் உள்ளே போனது.

கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கும்போது நான் பார்த்தது மூடியையும் பூட்டையும்தான். அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவே இல்லை.

நீடாமங்கலம் பட்டறையை எனக்குச் சொன்னவர் அறுவடை வண்டி ஓட்டும் ஒரு டிரைவர். கதிர் அறுக்கும் கட்டர் பார் வளைந்தால் அங்கேதான் கொண்டுபோவாராம். பெயர்ப்பலகை கிடையாது. தென்னங்கீற்றுக் கொட்டகை, வாசலில் ஒரு பழைய மாட்டுவண்டிச் சக்கரம் சாத்தியிருக்கும். பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். அவருடைய அப்பா காலத்தில் கலப்பைக் கொழுவும் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையும் அடித்த இடம். இப்போது வெல்டிங்கை மகன் பார்க்கிறார். அளவு எடுப்பதும் கோடு கிழிப்பதும் இன்னும் பெரியவர்தான்.

போனதும் நான் பாக்கெட்டிலிருந்து அளவு எழுதிய தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தம்பி, சாமான் எங்க இருக்கு?"

"வண்டியிலதாண்ணே, சாக்குல கெடக்கு."

"மொதல்ல எல்லாத்தையும் கீழ கொட்டுங்க. அதப் பாக்காம நான் அளவு சொல்ல மாட்டேன்."

கொட்டகை ஓரத்தில் ஒரு தார்ப்பாயை விரித்துக் கொட்டினேன். 24 அங்குல பைப் ரெஞ்ச் இரண்டு, 18 அங்குலம் ஒன்று, போர் கிளாம்ப் நாலு ஜோடி, செயின் பிளாக், கயிறு, ஸ்பேனர் செட், சாக்கெட் பெட்டி, பேரிங் புல்லர், சுத்தியல், இரும்பு அறுக்கும் ஆக்சா, கம்பியில் ஓடும் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர், புது மெக்கர், கேபிள் ஜாயின்ட் போடும் டேப்புகள், கிரீஸ் டப்பா, பம்பில் ஒழுகாமல் இருக்கச் சுற்றும் கிளாண்ட் கயிறு, கப்பாசிட்டர்கள். பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. இதில் தினமும் எடுப்பது எது? வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது எது? இருட்டில் எடுப்பது எது? தண்ணீர் பட்டால் செத்துப்போவது எது? ஒரு ஆள் தூக்க முடியாதது எது? ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லச் சொல்ல, சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு அந்தந்த வட்டத்துக்குள் சாமானை நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசியில் பைப் ரெஞ்சைக் கையில் எடுத்து நீளம் பார்த்தார். பெட்டிக்குள் அறை பிரித்த கணக்கு அந்த வட்டங்களிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் நான் ஒரு கஷ்டத்தைச் சொன்னேன். போர்வெல்லுக்குள் மோட்டாரோடு இறக்கும், தண்ணீர் மேலே ஏறிவரும் ‘காலம்’ பைப்புகள் ஒவ்வொன்றும் பத்தடி. லோடு பாடியின் நீளம் ஒன்பதடிதான். ஏற்கெனவே ஓர் அடி பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் போகிறது. கேபினை ஒட்டி இருபது அங்குல அகலத்தில் பெட்டி வைத்தால் பைப் இன்னும் வெளியே போய்விடும். பெட்டி மூடியின் மேல் பைப்பைப் போட்டால் வழியில் மூடியைத் திறக்க முடியாது. அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "பெட்டிக்குக் கால் வச்சுருவோம். பைப்பு அடியில போய்ட்டுப் போகுது" என்றார். ஐந்து அங்குலக் கால். பைப்பைப் பெட்டிக்கு அடியில் கேபின் தகடு வரைக்கும் தள்ளிவிடலாம். எத்தனையோ வண்டிகளில் பெட்டி பார்த்திருக்கிறேன், தரையோடு உட்காராத பெட்டியை அதுவரை நான் பார்த்ததில்லை. இந்தக் கால்தான் பிறகு எல்லாவற்றுக்கும் நல்லதாகப் போயிற்று. அடியில் காற்று ஓடுகிறது, கழுவினால் தண்ணீர் தங்குவதில்லை, வைக்கோல் துணுக்கும் சேறும் குச்சியால் தள்ளினால் வந்துவிடுகின்றன.

கடைசி அளவு இது: நீளம் 65 அங்குலம், அகலம் 20, உயரம் 18, கால் 5. என் பாடியின் உள் அகலம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேல். பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டார், பாடியில் உரசக் கூடாது என்பதற்காக. மூடி கேபினின் பின்கண்ணாடிக்குக் கீழே நிற்க வேண்டும் என்று நான் கேட்டேன். நின்றது.

என்ன தகடு போடுவது என்று நிறையப் பேசினோம். அலுமினியம் ஆசை எனக்கு இருந்தது. இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், செந்துருவும் பிடிக்காது. ஆனால் அலுமினியம் இரும்போடு நேராக ஒட்டி உட்கார்ந்து இடையில் ஈரம் தங்கினால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும், வெள்ளைப் பொடியாக உதிரும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும். எனக்கு அங்கேயும் வேலை உண்டு. தவிர, அலுமினியம் ஒட்டுவதற்கு ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் வெல்டிங் வேண்டும், அது அவரிடம் இல்லை. இல்லை என்று அவரே சொன்னார், வெளியில் கொடுத்துச் செய்து தருகிறேன் என்று இழுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. கடைசியில் சாதா இரும்பே போதும் என்று முடிவு. அடித்தளம் 14 கேஜ், அதாவது இரண்டு மில்லிமீட்டர். சுவரும் மூடியும் 16 கேஜ், ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூலைகளில் ஆங்கிள் சட்டம். செய்து முடித்தபின் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வெறும் பெட்டியை ஏற்றினோம், 78 கிலோ. கொள்முதல் நிலையத்தில் கட்டும் நெல் மூட்டை 40 கிலோ என்று எடுத்துக்கொண்டால், இரண்டு மூட்டை நெல் எப்போதும் வண்டியில் கிடக்கிற மாதிரி. சாமான்களோடு சேர்த்தால் ஐந்து மூட்டைக்கு மேல். பின் அச்சுக்கு முன்னால், கேபினை ஒட்டி எடை உட்காருவதால் ஓட்டுவதில் சிரமம் தெரியவில்லை. ஆனால் லோடு ஏற்றும்போது இந்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி தண்ணீர் விஷயம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பழைய அனுபவத்தால் நான் போய்ச் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது, நாலு பக்கமும் சீல் பண்ணிடுங்க" என்பது. அவர் மறுத்துவிட்டார். "வயலுக்கு மடை வைக்கிறவன் வடிகால் வைக்காம இருப்பானா தம்பி? உள்ள போகாம பாத்துக்கலாம். போனா வெளிய வர்றதுக்கும் வழி வேணும்ல?" என்றார். நமக்குத் தெரியாத விஷயமா? இந்த மண்ணில் வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகால் அவ்வளவு முக்கியம். வடிகால் தூர்ந்த வருஷத்தில் சம்பா அழுகுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். இருந்தும் பெட்டி என்று வந்தபோது எனக்கு அது தோன்றவில்லை.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. மழை ஒரு சொட்டும் இறங்காத பெட்டிக்குள்ளும் தண்ணீர் உண்டாகும். பகலில் வெயிலில் நின்ற வண்டியில் பெட்டிக்குள் காற்று சூடாகி, ஈரச்சாக்கு, ஈரக்கயிறு இவற்றின் ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ராத்திரி பனியில் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கட்டிக் கீழே சொட்டும். மார்கழியில் காலையில் எழுந்து எந்த இரும்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் பார்க்கலாம். முழுக்க அடைத்தால் அந்த ஈரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். காற்று போய்வர வேண்டும்.

ஆக அவர் செய்தது இப்படி. மூடி சமமாக இல்லை, பின்பக்கம் அரை அங்குலம் தாழ்வு, அதனால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். மூடியின் விளிம்பு நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் கீழே மடங்கி, தொப்பி மாதிரி பெட்டிச் சுவரின் மேல் கவிழ்கிறது. கீல் பக்கத்துக்குத் தனியாக ரப்பர் பட்டை, கீலை மூடுகிற மாதிரி. பெட்டிச் சுவரின் வாய் உள்பக்கம் மடங்காமல் மேலே நிமிர்ந்து நிற்கிறது, ரப்பர் பீடிங் அதன் மேல்தான். இரண்டு பக்கச் சுவரிலும் விளிம்புக்குக் கீழே, மழை படாத இடத்தில் நாலு நாலு காற்று ஓட்டை, அதற்குள் பூச்சி வராமல் வலை. குளவி கூடு கட்டிவிடும் என்றார், எங்கள் பக்கம் அது உண்மைதான். அடித்தளத்தில் நாலு மூலையிலும் எட்டு மில்லிமீட்டர் ஓட்டை. தகட்டை மூலைப் பக்கம் லேசாகத் தட்டிப் பள்ளமாக்கியிருந்தார், தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடிப் போகும்.

தளத்தின் மேல் சாமான் நேரடியாக உட்காராமல் மரப்பட்டிகள் வேண்டும் என்றார். என் வீட்டுக் கொல்லையில் கஜாவில் சாய்ந்த பூவரச மரத்தை அறுத்துப் பலகையாக வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "இது வண்டி செய்யற மரமாச்சே" என்று சொல்லி அவரே இழைத்துப் போட்டார். முக்கால் அங்குல உயரப் பட்டிகள், இடையிடையே விரல் இடைவெளி, தூக்கி எடுத்துக் கழுவலாம்.

கொடுக்கிற நாளில் முதலில் ஓஸ் பைப்பால் பத்து நிமிஷம் பெட்டியின் மேல் அடித்தார். மகன் உள்ளே செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார். திறந்து பார்த்தோம், தாள் காய்ந்திருந்தது, வலது மூலையில் மட்டும் ஓர் ஓரம் நனைந்திருந்தது. அந்த இடத்தில் பீடிங்கைப் பிரித்து மறுபடி ஒட்டினார். எனக்கு அதோடு திருப்தி. அவர் விடவில்லை. ஒரு குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து புதுப் பெட்டிக்குள் அப்படியே ஊற்றினார். எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. நாலு மூலையிலும் ஒழுகத் தொடங்கி, நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்க, நிமிஷங்களில் தளம் காலியானது. முன்பக்க மூலையில் மட்டும் ஒரு கையளவு தேங்கி நின்றது. சுத்தியலை எடுத்து அந்த இடத்தில் நாலு தட்டு. மறுபடி ஒரு குடம். இந்தத் தடவை ஒன்றும் தேங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடைசிக் கோட் பெயிண்ட் அடித்தார்கள்.

பெட்டியை வண்டியில் பொருத்தியதும் அதே கவனம்தான். பெட்டியைப் பொருத்த வண்டியில் வெல்டிங் வைக்கவே இல்லை. வெல்டிங் வைத்தால் சுற்றியிருக்கும் பெயிண்ட் கருகி அங்கிருந்து துரு தொடங்கும், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வைத்தால் வண்டியின் எலக்ட்ரானிக் சாமான்களுக்கும் ஆபத்து. போல்ட்தான் என்றார். ஆனால் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மகன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் பைப் எங்கே ஓடுகிறது, டீசல் பைப் எங்கே, வயர் கட்டு எங்கே என்று சாக்பீஸால் குறித்தார். எங்கள் முதல் கணக்குப்படி இடது பின் ஓட்டை ஒரு வயர் கட்டுக்கு நேர் மேலே வந்தது. இரண்டு அங்குலம் தள்ளி வைத்தோம். தகட்டில் மட்டும் போடாமல், தரைக்கு அடியில் குறுக்கே போகும் சட்டத்தோடு சேர்த்து நாலு 12 மில்லிமீட்டர் போல்ட். அடியில் சின்ன வாஷருக்குப் பதில் மூன்று அங்குலச் சதுரத் தகடு, அப்போதுதான் குலுக்கலில் தகடு கிழியாது. நட்டு உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு, தானாகக் கழலாது. போட்ட ஒவ்வொரு ஓட்டையின் பிசிறையும் அரம் வைத்துத் தேய்த்து, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பூசி, அது காய்கிற வரைக்கும் எங்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். காலுக்கும் பாடிக்கும் நடுவில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு. பழைய ஆறு ஸ்குரூ ஓட்டைகளை அரித்த தகட்டோடு வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து அடைத்ததும் இந்த வேலையிலேயே சேர்ந்தது. அதற்கு மட்டும், பேட்டரியைக் கழற்றிவிட்டு வெல்டிங் வைத்தார்கள்.

இருநூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வந்து மறுபடி முடுக்கிக்கொண்டு போகச் சொன்னார். போனேன். ரப்பர் அமுங்கியதில் இரண்டு நட்டு கால் சுற்று இளகியிருந்தது. அதற்குப் பிறகு இளகவில்லை.

போல்ட் போட்டதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. இந்தப் பெட்டி பாடிக்கு வெளியே எந்தப் பக்கமும் நீட்டவில்லை, பெட்டிக்காகப் பாடியை வெட்டவில்லை. வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போனபோது வம்பே வேண்டாம் என்று நாலு போல்ட்டையும் கழற்றி, நாலு பேர் பிடித்து இறக்கிவிட்டுத்தான் போனேன். முக்கால் மணி நேர வேலை.

போன கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. வெண்ணாற்றுக் கரையில் ஒரு வேலைக்குப் போனவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஒருவர் டிராக்டரில் தொற்றிக்கொண்டு வீடு வந்தேன், சேற்றில் வண்டி நகராது என்பதால். இரண்டு ராத்திரியும் தூக்கம் சரியாக இல்லை. மூன்றாம் நாள் போய்த் திறந்தேன். மூடியின் உள்பக்கம் லேசான ஈரம். பூவரசுப் பட்டிக்கு அடியில் ஒரு மூலை நனைந்த தடம், அவ்வளவுதான். மெக்கர் இருந்த மேல்தட்டில் போட்டிருந்த சிலிக்கா ஜெல் நீலமாகவே இருந்தது. ஈரம் குடித்திருந்தால் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். எனக்கு அந்த இடத்திலேயே பட்டறைக்காரருக்குப் போன் போடத் தோன்றியது. போட்டேன். அவர் எடுக்கவில்லை, அவர் போனை எடுக்கிற ஆளே இல்லை.

இருட்டில் எடுப்பது எது என்று கேட்டாரே, அதன் பலனைச் சித்திரையில் பார்த்தேன். மேட்டூர் திறக்கும்வரை காத்திருக்காமல் போர்த் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. மும்முனைக் கரண்ட் வந்த ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவருடைய மோட்டார் ஸ்டார்ட்டர் விழுந்து விழுந்து நின்றது. போய்ப் பார்த்தால் டார்ச்சில் சார்ஜ் இல்லை. மூடியைத் தூக்கி, இடது கையோரம் துழாவினேன். டாங் டெஸ்டர் அதன் அறையில், டெஸ்டர் பக்கத்தில் ஸ்குரூ டிரைவர், அதற்கடுத்து டேப். ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் கரண்ட் இழுப்பதில் பெரிய வித்தியாசம், ஸ்டார்ட்டருக்குள் ஒரு காண்டாக்ட் கருகியிருந்தது. அரை மணி நேரத்தில் தண்ணீர் ஓடியது. சாக்கில் கிடந்த காலமாக இருந்தால் தேடுவதற்கே அரை மணி ஆகியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறு நாளில் தருகிறேன் என்றார், பதின்மூன்று நாள் ஆயிற்று. குறுவை அறுவடை நேரம், அறுவடை வண்டிகள் வரிசையில் நின்றன. வயலில் கதிர் சாய்ந்து கிடக்கும்போது அவர்களுக்குத்தான் முதலில் செய்ய வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து மூன்று தடவை வெறுமனே போய் வந்தேன்.

மூடி கனம். கார் டிக்கிக்கு வரும் கேஸ் ஷாக் இரண்டு போட்டார், பழைய மார்க்கெட்டில் எடுத்தது போலிருக்கிறது. எட்டாம் மாதத்தில் ஒன்று தளர்ந்து மூடி மெல்ல இறங்கத் தொடங்கியது. கை நசுங்கும் இடம் அது. புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்து மாற்றினேன், மாற்றுக்கூலி வாங்கவில்லை. செய்யச் சொல்கிறவர்கள் ஷாக்கை மட்டும் புதுசாக நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கூடவே, காற்றில் மூடி விழாமல் இருக்க ஒரு தாங்குகம்பியும் வைக்கச் சொல்லுங்கள். நான் பிறகுதான் வைத்தேன்.

நடுவறையில் இருக்கும் சாமானை எடுக்கக் கீழே நின்றபடி கை எட்டுவதில்லை, பாடிக்குள் ஏற வேண்டியிருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் இரண்டு ஓரத்திலும் பக்கக் கதவு கேட்பது நல்லது. பெயிண்ட், வலது கீல் ஓரத்தில் கொப்புளம் கட்டி உதிர்ந்தது. அங்கே சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து நானே சரிசெய்தேன். வேதாரண்யம் போய்வந்த மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் இரண்டு தடவை கழுவாமல் விட்டேன், அதுவும் காரணமாக இருக்கலாம்.

பூட்டு அவர் போட்டுக் கொடுத்தது எனக்குத் திருப்தியில்லை. மூடியின் இரண்டு முனையிலும் பூட்டுக்கு இரும்புக் கூடு வைக்கச் சொல்லி, திண்டுக்கல் பூட்டு இரண்டு வாங்கிப் போட்டேன். கூட்டுக்குள் பூட்டு உட்கார்ந்திருப்பதால் வெட்டுக் கருவியை உள்ளே நுழைக்க முடியாது. தாமிரத்துக்காக வயலில் கேபிளையே வெட்டிக்கொண்டு போகிற காலம் இது.

மொத்தம் 18,500 ரூபாய் கொடுத்தேன், பழைய ஓட்டைகளை அடைத்ததும் சேர்த்து. ரெடிமேட் பெட்டி இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. என் வேலைக்கு நான் மறுபடி அதை வாங்க மாட்டேன். இரண்டு ஸ்பேனரும் ஒரு ஜாக்கியும் மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ரெடிமேட் பெட்டியையே வாங்கி, மூலையில் நாலு ஓட்டை போட்டு, அடியில் ரப்பரும் தகடும் கொடுத்துப் பொருத்தச் சொன்னால் போதும்.

பொங்கல் கழித்து இடது பக்கம் ஒரு கதவு வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். போகிறவர்கள் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், பெரியவர் அப்போது கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ஒன்றரையிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். சாமான்களை வீட்டில் விட்டுவிட்டு அளவுத் தாளை மட்டும் கொண்டுபோனால், போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.